ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே ஒரு மேடம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஆபீஸ் மீட்டிங் ஒன்றில் என் முறை வந்தபோது எனக்குக் குரல் வரவில்லை. மைக் நன்றாகத்தான் இருந்தது. சோதித்துப் பார்த்தேன்.
2. டாக்டர் இதயத்தைப் பார்த்தார், தைராய்டைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார். எல்லாம் நார்மல் என்றார், நான் ஏதோ ஏமாற்றிவிட்டதைப் போல.
3. இணையம் வழியாக ஒரு மனநல ஆலோசகரிடம் பேசத் தொடங்கினேன். முறையாகப் பதிவு செய்தவர்தானா என்று பதிவு எண்ணைத் தேடிச் சரிபார்த்த பிறகுதான்.
4. வீட்டில் அதை ‘ஆபீஸ் டிரெய்னிங்’ என்று சொன்னேன்.
5. அம்மா கண்டுபிடித்தாள்.
6. ஆலோசகரைத் தானும் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்தாள்.
7. ஆலோசகர் அம்மாவிடம் என்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. எங்கள் வீட்டு வரலாற்றில் இதற்கு முன்னுதாரணம் கிடையாது.
8. நான் அம்பத்தூருக்குப் போகிறேன் என்றேன். வீடு இரண்டுபட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு எட்டாவது வரியின் கனம் புரியாது. எங்கள் வீடு ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் குவார்ட்டர்ஸில் இருக்கிறது. அப்பா அந்தத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கிறார். என் ஆபீஸ் அம்பத்தூரில். ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் அன்னனூர், திருமுல்லைவாயல், அப்புறம் அம்பத்தூர். உட்கார இடம் கண்டுபிடிப்பதற்குள் இறங்க வேண்டிய தூரம். அந்த அம்பத்தூரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் போய்த் தங்க வேண்டும் என்பதுதான் நான் கேட்டது. இவ்வளவையும் வாயைத் திறந்து கேட்பதற்கு எனக்கு ஒரு நிபுணரின் உதவி தேவைப்பட்டது.

நான் மென்பொருளைச் சோதிப்பவள். மற்றவர்கள் செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பது என் தொழில். அதை வரிசை எண் போட்டு எழுதுவது என் குணம். என் வேலையில் எனக்குக் குறை இல்லை. தினமும் காலையில் நடக்கும் மீட்டிங்கில், நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன் என்று இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வாக்கியமும் தொண்டையில் நின்றுவிட்டன. எங்கள் டீம் லீட், “ஆர் யூ தேர்? ஆர் யூ தேர்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இருக்கிறேன் என்று எழுதி அனுப்பினேன்.

எங்கள் கம்பெனி மனநலத்தில் அக்கறை உள்ள கம்பெனி. அதற்கென்று ஒரு வாரமே கொண்டாடினார்கள். ஆளுக்கொரு மஞ்சள் ஸ்பாஞ்சு பந்து கொடுத்தார்கள். அதில் ஒரு முகம் சிரித்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்த பேச்சாளர், கண்ணை மூடி மூச்சை ஆழமாக உள்ளே இழுக்கச் சொன்னார். உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்போதே லீட் மெசேஜ் அனுப்பினார், ரிப்போர்ட் எங்கே என்று. மூச்சை வெளியே விடுவதற்குள் அனுப்பிவிட்டேன்.

ஆலோசகரைத் தேடிய செயலி முதலில் சில கேள்விகள் கேட்டது. கடந்த இரண்டு வாரத்தில் மனம் சோர்ந்திருந்தது உண்டா? இல்லவே இல்லை, சில நாட்கள், பாதி நாட்களுக்கு மேல், ஏறக்குறைய தினமும். இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரியாகப் பாதி நாட்கள் சோர்ந்திருப்பவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பது? அந்தக் குறையைச் சுட்டிக்காட்டிச் செயலிக்கு எழுதினேன். பதிலுக்கு ஒரு இதயப் படம் வந்தது.

கிடைத்த ஆலோசகர் கோயம்புத்தூர்ப் பக்கம். கண்ணாடி போட்டவர், பின்னால் வெறும் சுவர். நான் முதல் நாளே தயாராகப் போனேன். என் பிரச்சினைக்கான மூல காரணங்களை மீன்முள் மாதிரி ஒரு படமாக வரைந்து, கிளை கிளையாகப் பிரித்து, நிறம் கொடுத்து, திரையில் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார்.

“ரொம்ப நல்லா இருக்குதுங்க. எப்ப போட்டீங்க இதை?”

“ஞாயித்துக்கிழமை. நாள் முழுக்க உட்கார்ந்து.”

“ஞாயித்துக்கிழமை நீங்க என்ன பண்ணணும்னு ஆசைப்பட்டீங்க?”

தூங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தப் படத்தில் அதற்குக் கிளை இல்லை. படத்தை மூடினேன். அவர் அப்புறம் ஒருநாளும் அதைத் திரும்பக் கேட்கவில்லை. என் உழைப்பை இவ்வளவு மரியாதையாக யாரும் குப்பையில் போட்டதில்லை.

பேசப் பேசத் தெரிந்தது இவ்வளவுதான்: எனக்குத் தனியாக இருக்க ஓர் இடம் வேண்டும், அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆபீஸில் குரல் நின்றது அதன் கிளை. இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நாளா என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு வழக்கம் உண்டு. பகலில் உள்ளறைக் கதவைச் சாத்தக் கூடாது. யாரும் சட்டம் போடவில்லை. உடை மாற்றச் சாத்தலாம். அது தவிர்த்துச் சாத்தினால், ஒன்று சண்டை, இல்லை காய்ச்சல், இல்லை காதல். என் அறைக் கதவில் தாழ்ப்பாளே கிடையாது. நான் பத்தாவது படித்தபோது, உள்ளே தூங்கிவிடுவேன் என்று கழற்றியது. என் கட்டில், அம்மாவின் தையல் மிஷின், அரிசி டிரம், அப்பாவின் சட்டைகள் எல்லாம் அந்த அறையில்தான். தையல் மிஷினுக்கு ஒரு வேலை வரும், அரிசிக்கு ஒரு வேலை வரும், சட்டைக்கு ஒரு வேலை வரும். நான் லேப்டாப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது மூன்றுக்கும் சேர்ந்து வேலை வரும்.

ஒருமுறை கதவைச் சாத்திப் பார்த்தேன். உடனே அம்மாவின் குரல் கேட்டது.

“ஏட்டி, கதவ எதுக்கு சாத்துத?”

“டிரெய்னிங்மா.”

“டிரெய்னிங்குக்கு எதுக்குட்டி கதவு? தொறந்து வச்சா படிப்பு வெளிய ஓடிருமா?”

அம்மா திருநெல்வேலிக்காரி. அப்பாவின் வேலைக்காக ஆவடி வந்து என் வயதை விட அதிகக் காலம் ஆகிறது. பேச்சை மட்டும் அங்கேயே வைத்திருக்கிறாள்.

ஆபீஸிலிருந்து பேச முடியாது. அங்கே மீட்டிங் அறைகள் கண்ணாடியால் ஆனவை, உள்ளே அழுதால் மீன்தொட்டி மாதிரி இருக்கும். ஆகவே வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில், சாயங்காலம், குளியலறையில் பேசத் தொடங்கினேன். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, காதில் இயர்போன். ஆலோசகர் கேமராவை அணைத்துவிடச் சொன்னார். நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, நான் வாய்விட்டு அழுதேன். நல்ல எதிரொலி உள்ள அறை அது.

எங்கள் குளியலறைக்கும் எதிர்வீட்டுக் குளியலறைக்கும் நடுவே ஒரு காற்றுப் பாதைதான் இருக்கிறது. எதிர்வீட்டு அக்கா ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் காது ரயில் அறிவிப்பைத் தண்டவாளத்தின் அந்தப் பக்கத்திலிருந்தே கேட்டுப் பழகியது. அவள் ஈரக் கையோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

“இன்னாக்கா, உன் பொண்ணு பாத்ரூம்ல குந்திகினு யார்கிட்டயோ அழுதுகினு கீது. இன்னா மேட்டரு?”

“டிரெய்னிங்காம்.”

“இன்னா டிரெய்னிங்கு? ஒப்பாரி வைக்கவா?”

அன்று விசாரணை நடந்தது. அம்மாவிடம் முதலில் இரண்டு கோணங்கள் இருந்தன. வேலை போய்விட்டது என்பது ஒன்று. காதல் என்பது இன்னொன்று. இரண்டாவதில் எதிர்வீட்டு அக்காவுக்கு ஆர்வம் அதிகம், “பையன் இன்னா பண்றான்?” என்று நேராகவே கேட்டாள். நான் உண்மையைச் சொன்னேன். மனநல ஆலோசகர், வாரம் ஒருமுறை பேசுகிறேன், பெண்தான், டாக்டர் மாதிரி, ஆனால் மாத்திரை தரமாட்டார்.

பைத்தியமா என்று கேட்பாள் என எதிர்பார்த்து அதற்கான பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அம்மா கேட்கவில்லை. தனக்குத் தெரிந்த உலகத்தில் இது எங்கே பொருந்தும் என்று யோசித்தாள். வாரா வாரம், குறித்த நேரத்தில், ஒரு பொம்பளை, காசு வாங்கிக்கொண்டு, நம் பிள்ளையிடம் பேசுகிறாள். அவள் முகம் தெளிந்தது.

“அப்ப டியூஷன்தான்” என்றாள்.

இது என் தலைமுறைக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு மட்டுமே நேரக்கூடிய விபத்து. நாங்கள் எல்லோரும் டியூஷனில் வளர்ந்தவர்கள். டியூஷன் என்றால், மாதம் ஒருமுறை அம்மா டீச்சர் வீட்டு வாசலில் நின்று பிள்ளையைப் பற்றி விசாரிப்பாள். டீச்சர் குறை சொல்வார். அம்மா அந்தக் குறையை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்களிடம் சேர்ப்பாள். இந்தச் சங்கிலியில் யாரும் யாரையும் ஏமாற்றியதில்லை. கணக்கு டீச்சர், இந்தி டீச்சர், பாட்டு டீச்சர், கல்லூரிப் பேராசிரியர் வரைக்கும் ஒழுங்காகக் குறை வந்துகொண்டிருந்தது. வேலைக்குப் போன பிறகு நின்றுவிட்டது. என் லீடின் நம்பரை அம்மா இரண்டு தடவை கேட்டிருக்கிறாள்.

“நான் அந்த மேடத்தப் பாக்கணும்” என்றாள். “எப்படி இருக்கான்னு கேக்கணும்லா?”

அடுத்த முறை ஆலோசகரிடம் சொன்னேன். மறுத்துவிடுவார் என்று நம்பித்தான் சொன்னேன். அவர், “உங்களுக்குச் சம்மதமாங்க?” என்று கேட்டார். சரி என்றேன். “இந்தச் சரி நீங்க சொல்றதா, பழக்கத்துல வந்ததா?” என்று கேட்டார். இப்படியெல்லாம் கேட்பதற்கு எங்கே பயிற்சி தருகிறார்கள் என்று தெரியவில்லை. கொஞ்சம் யோசித்து, நான் சொல்வதுதான் என்றேன். ஹாஸ்டலைப் பற்றி அவர் முன்னிலையிலேயே வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். தனியாகச் சொல்ல மூன்று தடவை முயன்று மூன்று தடவையும், “மோர் இருக்காம்மா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருந்தேன்.

வழக்கம்போல் காரணங்களை எழுதிக் கொண்டுபோனேன். ஷிப்ட் மாறுகிறது, ரயில் தாமதமாகிறது, மழைக்காலத்தில் ஆபீஸ் பக்கம் தண்ணீர் நிற்கிறது, இரவில் ஆபீஸ் போன் பேசினால் அப்பாவின் தூக்கம் கெடுகிறது, அறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஒரு பக்கம் நிரம்பியது.

“காரணமே வேண்டாங்க” என்றார் அவர். “ஒரு வாக்கியம் போதும். காரணம் ஒவ்வொண்ணுக்கும் உங்க வீட்ல ஒரு தீர்வு வச்சிருப்பாங்க.”

காரணம் இல்லாமல் ஒரு கோரிக்கையா? எங்கள் தொழிலில் அப்படி ஒன்றை அனுப்பினால் அதே நிமிடம் திரும்பி வரும். இருந்தாலும் கேட்டுக்கொண்டேன்.

அந்த நாள் வந்தது. அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டாள். லேப்டாப்பை என் அறையிலிருந்து எடுத்து ஹாலில், டிவிக்கு முன்னால், ஒரு ஸ்டூலின்மேல் வைத்தாள். ஸ்டூலுக்கு ஒரு விரிப்பும் போட்டாள். அப்பா மேலே சட்டையும் கீழே லுங்கியுமாக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிர்வீட்டு அக்கா ஒரு முறம் நிறையப் பூண்டோடு வந்து தரையில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். நான் ஓரத்தில்.

திரையில் ஆலோசகர் வந்தார். “வணக்கங்க. யாரெல்லாம் இருக்கீங்க?”

“வணக்கம் மேடம். நாங்க வீட்டு ஆளுங்க மட்டுந்தான்” என்றாள் அம்மா.

“நான் சும்மா கீறேன் மேடம், நீங்க பேசுங்கோ” என்று தரையிலிருந்து குரல் வந்தது.

ஆலோசகர் என்னைப் பார்த்தார். அக்கா இருக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அவள் எப்படியும் காற்றுப் பாதையில் கேட்பாள்.

அம்மா நேராக வேலைக்கு வந்தாள். “எம்புள்ள எப்படி மேடம்? ஒழுங்கா பேசுதாளா? சின்ன வயசுலேருந்தே வாயத் தொறக்க மாட்டா. டீச்சர் எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க, நல்லா படிக்கா, வாய்தான் இல்லன்னு. நீங்க கண்டிச்சு வைங்க. கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சாலும் நாங்க ஏன்னு கேக்க மாட்டோம்.”

“தோலெல்லாம் உரிக்கறதில்லைங்கம்மா” என்றார் ஆலோசகர்.

“பின்ன என்ன செய்வீங்க?”

“கேட்டுக்கிட்டு இருப்பேனுங்க.”

எதிர்வீட்டு அக்காவின் கை பூண்டில் நின்றது. “கேக்கறதுக்கு நாங்க இல்லியா மேடம்? இத்தினி நாளா பாத்ரூம் ஜன்னல்ல நாங்கதான கேட்டுகினு கீறோம்!”

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தொழிற்சாலையில் ஒரு பொருள் எத்தனை கட்டத்தில் பாஸாகி வெளியே போகும் என்று தெரிந்தவர் அவர். “இது எப்ப முடியும் மேடம்? கடைசியில ஏதாவது சர்ட்டிபிகேட் மாதிரி…”

“அப்படி எதுவும் இல்லைங்க.”

அம்மாவுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. “சரி மேடம், அவ உங்ககிட்ட என்னதான் சொல்லுதா? எங்களப் பத்தி என்ன சொன்னா?”

“அதை நான் சொல்ல முடியாதுங்கம்மா. அவங்க இங்கதானே இருக்காங்க. அவங்ககிட்டயே கேளுங்களேன்.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நிஜமாகவே இந்த வழி அவளுக்குத் தோன்றியதில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. அப்பா பார்த்தார். அக்கா முறத்தை இறக்கி வைத்தே பார்த்தாள்.

எனக்குத் தொண்டை அடைத்தது. மீட்டிங்கில் அடைத்ததே, அதே மாதிரி. உதடு அசைகிறது, காற்று வரவில்லை. எங்கள் வீட்டில் யாராவது பேசாமல் இருந்தால் அடுத்தவர் அந்த இடத்தை உடனே நிரப்பிவிடுவார். சும்மா விட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. அப்பாவின் கை தானாக டிவி ரிமோட்டைத் தேடியது. அம்மா வாயெடுத்தாள். திரையிலிருந்து ஆலோசகர் ஒரு விரலை மட்டும் லேசாக உயர்த்தினார். கோயம்புத்தூரிலிருந்து உயர்த்திய விரலுக்கு ஆவடியில் அம்மா அடங்கியதை நான் பார்த்தேன். குக்கர் ஒரு விசில் விட்டது.

“நான் அம்பத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கப் போறேன்” என்றேன்.

அம்மா கேட்டாள்: “எந்த அம்பத்தூர்?”

வேறொரு அம்பத்தூர், தூரமாக, கடல் தாண்டி எங்காவது இருக்கலாம் என்று அவள் நம்பிய அந்த ஒரு கணத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

“நம்ம அம்பத்தூர்தாம்மா.”

“ஏட்டி, அங்க நாம துணி எடுக்கல்லா போவோம்! மூணாவது ஸ்டேஷன்ட்டி!”

“அமெரிக்கா போறேன்னு சொன்னா அதுல ஒரு கெத்து கீது” என்றாள் எதிர்வீட்டு அக்கா, வருத்தத்தோடு.

அம்மா திரைக்குத் திரும்பினாள். “நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?”

“இல்லைங்கம்மா. அவங்க முடிவு.”

“அப்ப போவக் கூடாதுன்னு சொல்லுங்க.”

“அதையும் நான் சொல்ல முடியாதுங்க.”

“அப்ப நீங்க எதுக்குத்தான் இருக்கீங்க?”

“அவங்க சொல்லி முடிக்கற வரைக்கும் இருக்கறதுக்குங்க” என்றார். நேரம் முடிந்திருந்தது. வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவின் தீர்ப்பு அடுப்படியிலிருந்து வந்தது. “ஒண்ணும் தெரியாத பொம்பள. எல்லாத்தையும் நாந்தான் சொல்ல வேண்டிருக்கு. ஆனா மரியாதையாப் பேசுதா. அவ்வளவு மரியாதையாப் பேசுதவ எதையோ மறைக்கான்னு அர்த்தம்.”

ஆலோசகர் முன்கூட்டிச் சொன்னபடியே அதன்பிறகு தீர்வுகள் வரத் தொடங்கின. நான் காரணமே சொல்லாதபோதும் அவர்களே காரணங்களைக் கண்டுபிடித்து, அவற்றுக்குத் தீர்வும் கண்டார்கள். ரயில் கூட்டம் என்றால் அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவிடுவார். சாப்பாடு என்றால் இனி தினமும் இரண்டு பொரியல். தனி அறை என்றால் குமணன்சாவடியில் சித்தி வீடு இருக்கிறது, அங்கே எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் உண்டு. அங்கிருந்து அம்பத்தூருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும் என்பது யாருக்கும் பொருட்டில்லை. சித்தி வீட்டில் இருந்தால், ‘சித்தி வீட்டில் இருக்கிறாள்’ என்பார்கள். ஹாஸ்டலில் இருந்தால், ‘வீட்டில் சோறு போடவில்லை’ என்பார்கள்.

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரில்லிங் மிஷின் இரவல் வாங்கி வந்து, என் அறைக் கதவில் ஒரு தாழ்ப்பாள் பொருத்தினார். பித்தளை. இரண்டு முறை போட்டு எடுத்துப் பார்த்தார். கொஞ்சம் எண்ணெய் விட்டார். “போதுமாம்மா?” என்று கேட்டார்.

என்னால் அவரைப் பார்த்து இல்லை என்று சொல்ல முடியவில்லை. போதும்பா என்றேன். அந்த வாரம் ஆலோசகரிடம், தாழ்ப்பாள் கிடைத்துவிட்டது, இனி எனக்குக் காரணம் இல்லை என்றேன்.

“காரணம் இல்லாட்டிப் போகக் கூடாதுங்களா?”

எனக்குக் கோபம் வந்தது. கேள்வி கேட்டால் கேள்வியைத் திருப்பித் தருவதற்குப் படிப்பு, பதிவு எண் எல்லாம் எதற்கு? போகலாமா கூடாதா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். சொல்லவில்லை. இவரிடம் பேசுவதையே நிறுத்திவிடலாம் என்று அந்த வாரம் முழுக்க நினைத்தேன். செயலியில் நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்றுகூடத் தேடினேன். அதை மிகவும் நன்றாக ஒளித்து வைத்திருந்தார்கள்.

தாழ்ப்பாள் பற்றி: அம்மா இப்போது தட்டிவிட்டு வந்தாள். தட்டுவதும் வருவதும் ஒரே அசைவு. கேட்டால், “தட்டிட்டுத்தான வந்தேன்?” என்பாள். தாழ் போட்டிருந்தால் வெளியே நின்று பேசுவாள், பேச ஒன்றும் இல்லாவிட்டால் பருப்பு விலை சொல்வாள். எதிர்வீட்டு அக்கா, “உள்ள பூட்டிகினு இன்னாதான் பண்ணுது?” என்று அம்மாவைக் கேட்பதும் கேட்கும். ஒரு சாயங்காலம் தாழை நீக்கி வெளியே வந்தால், அம்மா கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் பெத்த புள்ள என்னய வெளிய வச்சுல்லா அடைக்கா” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அப்பா வேலையிலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதவு சரியாகிவிட்டது, குறை அப்படியே இருக்கிறது என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. பார்த்திருக்கிறேன், ஆபீஸில், எத்தனையோ தடவை. சரிசெய்தாகிவிட்டது என்று எழுதி மூடியிருப்பார்கள். திறந்து பார்த்தால் குறை கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்.

“கதவுக்காக இல்லம்மா” என்றேன். “எனக்குப் போகணும். சனிக்கிழமை வருவேன்.”

“எங்கள விட்டுட்டா?”

இந்த முறை திரையில் யாரும் இல்லை, விரல் உயர்த்த ஆளில்லை. குரல் வரத் தாமதமானது. தாமதமாக வந்தது.

“ஆமாம்மா. வாரத்துல மிச்ச நாளுக்கு.”

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். பாத்திரங்கள் அன்று வழக்கத்தைவிடச் சத்தமாக இருந்தன. அப்பா செருப்பை ஓரமாக வைத்துவிட்டு, “ஒரு மாசம் டிரையல் பாக்கட்டும்” என்றார், பொதுவாக, சுவரிடம். எதிர்வீட்டு அக்கா வாசலில்தான் இருந்தாள். “உட்டுடுக்கா. அந்த ஹாஸ்டல் சாம்பார ரெண்டு நாளு துன்னட்டும், தானா வந்துகினு நிக்கும்.” அம்மா சம்மதித்ததற்கு நானோ அப்பாவோ காரணம் இல்லை, அந்தச் சாம்பார்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

புறப்பட்ட நாளில் அம்மாவும் கூட வந்தாள். என்னிடம் ஒரு பை, ஒரு தலையணை. அம்மாவிடம் நீல வாளி. அதற்குள் ஊறுகாய், பருப்புப் பொடி, கொடிக்கயிறு, இட்லிப் பொடி. ஆவடி நடைமேடையில் பட்டாபிராமில் இருக்கும் தூரத்து உறவுக்கார மாமா ஒருவர் எதிரே வந்துவிட்டார். வாளியைப் பார்த்தார். “என்ன, அம்மாவும் பொண்ணும் வாளியோட எங்க கிளம்பிட்டீங்க?”

“பெங்களூருக்கு” என்றாள் அம்மா, கண் சிமிட்டாமல். “இவளுக்கு அங்க மாத்திட்டாவ. பெரிய கம்பெனில்லா. சென்ட்ரல் போயி ரயில் ஏறணும்.”

மாமா என்னை மரியாதையோடு பார்த்தார். உடம்பைப் பார்த்துக்கொள் என்றார், அங்கே குளிர் அதிகம் என்றார். ரயில் வந்தது. சென்ட்ரல் போகும் ரயில்தான், மாமாவும் அதில்தான் ஏறினார். பொய்யில் ஓட்டையே இல்லை. மூன்றாவது ஸ்டேஷனில் இறங்கும்போது மாமா வேறு பெட்டியில் இருந்தார். அம்மா வாளியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

இப்போதைய நிலை இது. நான் அம்பத்தூர் ஹாஸ்டலில் இருக்கிறேன். அறையில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆகவே ஆலோசகரிடம் பேச மொட்டை மாடிக்குப் போகிறேன். வாரம் ஒருமுறை என்பது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆகியிருக்கிறது. மீட்டிங்கில் குரல் பெரும்பாலும் வருகிறது. வராத நாளில் வரும்வரை காத்திருக்கிறேன், லீட் காத்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். சாம்பார் மோசம். சனிக்கிழமைகளில் ஆவடிக்குப் போகிறேன். அம்மா பேசுகிறாள், ஆனால் ஹாஸ்டலுக்கு இன்னொரு தடவை வரவில்லை. உறவுக்காரர்கள் எல்லோருக்கும் நான் பெங்களூரில் இருக்கிறேன். அதைத் திருத்தும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் இன்னும் திருத்தவில்லை.